பின் படுக்கைக்குப் போன சூடு

நவம்பர் 4, செவ்வாய்

இந்த நோட்டு கோகிலவாணி கொடுத்தது. அர்த்தநாரி அண்ணனின் ஒரே மகள், பள்ளிக்கூட டீச்சர். திருச்செங்கோட்டிலிருந்து நாங்கள் கிளம்பிய அன்று கையில் திணித்து, "எங்கப்பா போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாருங் மாமா. நீங்கதான் ஓயாமப் பேசுவீங்களே, அவரு என்ன பண்றாரு, என்ன சாப்புடறாருன்னு எழுதி வைங்க. வந்ததும் வாங்கிப் படிச்சுக்கறேன்" என்றாள். அஞ்சாவதோடு நின்றவனை எழுதச் சொல்லியிருக்கிறாள். தப்பு இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போடு கண்ணு. முட்டி மட்டும் போடச் சொல்லாதே, மாமனுக்கு முட்டி வலி.

லடாக்கில் போர்வெல் போட வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. கம்ப்ரசர் படுத்துவிட்டது. முதலாளி மற்ற ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். சாமான் வரும்வரை வண்டிகளுக்குக் காவல் மூன்று பேர். துளை போடும் ஆபரேட்டர் அர்த்தநாரி அண்ணன், லாரி ஓட்டும் நான், ராடு மாட்டும் மயில்சாமி. மயில்சாமி என் பெண்டாட்டி தங்கமணியின் தம்பி. முப்பத்தைந்து வயது. ஊரில் மார்கழிக்கே கம்பளி போர்த்துகிற ஆள். அவனை இங்கே அழைத்து வந்தது நான்தான்.

தங்குவது லாரிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் வீட்டில். எவனோ உல்லாசமாக ஊர் சுற்றிய வண்டி, முதலாளி பழசாக வாங்கினார். முன்பக்கம் அடுப்பும் என் படுக்கையும். நடுவில் அண்ணன். கடைசியில் சுவரோரம் மாப்பிள்ளை மயில்சாமி. டீசல் ஹீட்டர் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எனக்குச் சித்திரை வெயில், அண்ணனுக்கு ஊட்டி, மாப்பிள்ளைக்கு ஐஸ் பேக்டரி. காலையில் அவன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை.

"இதையும் எழுதுங்க மாமா" என்றான், பல் தந்தியடிக்க.

நவம்பர் 5

வேலை ஏதும் இல்லை. ஆகவே ஹீட்டரைப் பிரித்தேன்.

இதில் ரெண்டு வழி இருக்கிறது. விசிறி ஊதுகிற சூடான காற்று மூன்று குழாயில் பிரிந்து வீட்டுக்குள் வருகிறது. டீசல் எரிந்த புகை தனியாக ஓர் இரும்புக் குழாயில் தரைக்கு அடியில் வெளியே போகிறது. பின் படுக்கைக்குப் போகும் காற்றுக் குழாய் ஓரிடத்தில் மடங்கி, செருப்பில் மிதித்த புடலங்காய் போல நசுங்கிக் கிடந்தது. நீட்டி நிமிர்த்திக் கட்டினேன். போர் போடும் ரிக்கில் ஹோஸ் பிடித்துப் பழகிய கைக்கு இதெல்லாம் விளையாட்டு.

நவம்பர் 7

இன்னும் மூன்று காரியம் செய்தேன். ஹீட்டர் காற்று இழுக்கிற ஜன்னலை அரிசி மூட்டை அடைத்திருந்தது, நகர்த்தினேன். என் பக்கத்து வாயை முக்கால்வாசி மூடினேன், சூடு பின்னால் ஓடட்டும் என்று. பின் படுக்கைக்குப் போகிற காற்றுக் குழாய்க்குச் சாக்கைச் சுற்றி, அதற்கு மேல் வெள்ளித் தாள் ஒட்டினேன்.

அண்ணன் பீடியோடு நின்று பார்த்தார். "கல்யாணப் பொண்ணுக்குக் கூட இவ்வளவு சுத்த மாட்டாங்கடா."

"உங்களுக்குப் பொறாமைண்ணா."

மாப்பிள்ளையின் பாட்டில் இன்று பாதிதான் உறைந்திருந்தது. முன்னேற்றம்.

நவம்பர் 9, ஞாயிறு

இங்கே போன் எடுக்காது. மேட்டு மேல் ஏறினால் மட்டும் ரெண்டு கோடு வரும். ஞாயிறு பதினோரு மணிக்கு மூன்று பேரும் மூச்சிரைக்க ஏறுவோம்.

அண்ணன் பேசியதை அப்படியே எழுதுகிறேன் கண்ணு: "ம். சாப்பிட்டேன். வெக்கிறேன்." மூணு வார்த்தை. உனக்காக ஒன்று கூட்டிப் பேசியிருக்கிறார்.

தங்கமணி என்னிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. "என்ற தம்பிக்கு ஒண்ணுன்னா நான் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டனுங், பார்த்துக்கங்க" என்றாள். கல்யாணத்தன்றே முழித்திருக்க வேண்டாமே என்றேன். வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளைக்குக் காலில் ரெண்டு விரல் மரத்துப் போயிருக்கிறது. அக்காவிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. சாக்ஸ் கழற்றும்போது நானாகப் பார்த்தேன்.

நவம்பர் 11

நிலத்துக்காரர் ஸ்டான்சினுக்கு ஒரு நாய் உண்டு. தினமும் எங்கள் டிரெய்லருக்கு அடியில்தான் படுக்கிறது. ஏன் என்று இன்று குனிந்து பார்த்தேன். புகைக் குழாய் வாய்க்கு நேராகப் படுத்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருக்கிறது! கையை வைத்தேன், சுட்டுவிட்டது. இவ்வளவு சூடும் நாய்க்குப் போகிறது. என் மாப்பிள்ளைக்கு விரல் மரக்கிறது.

மத்தியானம் ஸ்டான்சின் டீ குடிக்க வந்தார். மேல் ஜன்னலைக் கைப்பிடி அளவு திறந்து வைக்கும்படி இந்தியில் சொன்னார். அவர் வீட்டில் எவ்வளவு குளிரென்றாலும் கூரையில் ஒரு துவாரத்தை அடைப்பதே இல்லையாம்.

"டீசல் ஊத்தி மலைய சூடு பண்ணச் சொல்றாரு" என்று தமிழில் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தான். ஸ்டான்சினும் சேர்ந்து சிரித்தார், பாவம்.

நவம்பர் 12

காரியம் முடிந்தது. பெரிய காரியம், ஆகவே படம் போட்டு எழுதுகிறேன்.

லாரியில் பழைய வளைவுக் குழாய் கிடந்தது, சைலன்சருக்குப் போடுகிற இரும்புச் சுருள். புகைக் குழாயைத் தரைக்குக் கீழே போக விடாமல் உள்ளே திருப்பி, சுவரோரமாகக் கொண்டு போய், மாப்பிள்ளை கட்டிலின் பலகைப் பெட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, பின் சுவரில் ஓட்டை போட்டு வெளியே விட்டேன். நான்கு இணைப்பு. நான்கிலும் கிளாம்பு முறுக்கி இரும்புப் பசை பூசினேன். பசை காய்வதற்குள் மாப்பிள்ளை கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, கோழி அடை வெச்ச மாதிரி இருக்குதுங்!"

"முட்டை போட்டா எனக்கு ஒண்ணு கொடு."

அண்ணன் மட்டும் மூக்கைச் சுருக்கினார். "என்னடா டீசல் வாசம்?"

"முப்பது வருசமா நம்ம சட்டையில அடிக்கிற வாசம்தானுங்ணா. இது இல்லீனா உங்களுக்குத் தூக்கம் வருமா?"

அவர் ஒரு பீடியைப் பற்ற வைத்தார்.

நவம்பர் 13

பாட்டிலில் தண்ணீர் தண்ணீராக இருந்தது. மூன்று பேருக்கும் ஒரே சூடு. நாய் கோபித்துக்கொண்டு போய்விட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

மாப்பிள்ளை மேட்டுக்கு வரவில்லை. தலைவலி. இங்கே வந்த எல்லாருக்கும் முதலில் தலை வலிக்கும், மலை நோய் என்பார்கள். இவனுக்கு வந்து ரெண்டு மாதம் கழித்து வருகிறது. எதிலும் லேட்டுப் பேர்வழி, பிறந்ததே பத்தாம் மாதம்தான்.

வெயிலில் உட்கார்ந்திருந்தவன், நாங்கள் மேட்டிலிருந்து இறங்குவதற்குள் தெளிந்துவிட்டான். அப்பளம் பொரித்துக் கொடுத்தேன், ஆறு தின்றான்.

நவம்பர் 18

மாப்பிள்ளை நிறம் வைத்துவிட்டான்! கன்னம் ரெண்டும் லடாக் ஆப்பிள் மாதிரி சிவந்திருக்கிறது. "ஊருக்குப் போனா பொண்டாட்டிக்கு அடையாளம் தெரியாது மாப்ள, ஆதார் கார்டை எடுத்து வெச்சுக்க" என்றேன். அவன் சிரிக்கவில்லை. நான் சொன்னதை ரெண்டாம் முறை சொல்லச் சொன்னான்.

காற்று அதிகம். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றிலும் சாக்குத் துணி திணித்துவிட்டேன். இனி ஒரு எறும்பு நுழைய முடியாது.

நவம்பர் 20

மாப்பிள்ளை காலையில் வாந்தி. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, விரல் தடுமாறுகிறது. நான்தான் போட்டுவிட்டேன். மத்தியானம் சரியாகிவிட்டான், ராடு எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவினான்.

அண்ணன் சொன்னார், "சென்னியப்பா, இவன் வெளிய நின்னா நல்லா இருக்கறான், உள்ள படுத்தா கெட்டுப் போறான். பார்த்தியா?"

"உங்க பீடிப் புகைண்ணா" என்றேன். அப்போதே எழுந்து வெளியே போய்ப் பிடித்தார்.

நவம்பர் 22

டீயில் உப்புப் போட்டேன். கொட்டிவிட்டு மறுபடி போட்டேன், மறுபடி உப்பு. எனக்கும் லேசாகத் தலை பாரம்.

நவம்பர் 24, திங்கள்

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை.

தட்டினோம், உலுக்கினோம், கண்ணை மட்டும் திறந்து மூடினான். ஸ்டான்சின் ஜீப்பை எடுத்தார். கணவாய் தாண்டி லே ஊருக்கு ஐந்து மணி நேரம். வண்டிக்குக் காவல் வேண்டும் என்று அண்ணன் இருந்துகொண்டார். ஏற்றும்போது மாப்பிள்ளையின் கம்பளியை இழுத்து மூடியது அவர்தான்.

கிளம்பும்போது நான் சொன்னேன். இதை எழுதியாக வேண்டும். "அண்ணா, மாப்ள கட்டில் சும்மாதான கிடக்குது, நீங்க அதுல படுங்க. மாமியா வீட்டு மெத்தை தோத்துது." அவர், "நீ முதல்ல போடா" என்றார்.

நவம்பர் 25

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்த கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை, "மாமா, எங்க இருக்கறோம்?" என்றான். மாமியார் வீடு என்றேன். சிரித்தான். நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நம் தமிழ் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், நாகர்கோவில் பக்கம். டாக்டர் கேட்கச் சொன்னதாகக் கேட்டாள்: "அண்ணாச்சி, படுக்க ரூமுக்குள்ள கரி அடுப்பு, புகை ஏதும் உண்டா? புகை வெளிய போவதுக்கு வழி ஒழுங்கா இருக்கா?"

மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. புகை வெளியதான் போகுது" என்றேன். போகத்தான் செய்கிறது. பின் சுவர் ஓட்டை வழியாக.

வெளியே பனி கொட்டுகிறது.

நவம்பர் 26

அந்தப் பெண் ஊசி போடும்போது தானாகச் சொன்னாள். போன வருடம் ரோடு வேலைக்கு வந்த ரெண்டு பேர், கதவை இறுக்க அடைத்துக் கரி போட்டுப் படுத்தார்களாம். "விஷக் காத்து அண்ணாச்சி. அதுக்கு நாத்தமே கிடையாது. தலைவலிக்கும், வாந்தி வரும், மூஞ்சி செவந்து நல்ல களையா இருக்கும். தூங்கின மாதிரியே போயிருவாவ."

மூஞ்சி சிவந்து.

கணவாய் மூடிவிட்டது. ஸ்டான்சினும் எங்களோடு இங்கே மாட்டிக்கொண்டார். பின் சுவர் ஓட்டை தரையிலிருந்து ஒரு முழம்தான். இங்கேயே முட்டிக்கு மேல் பனி.

மத்தியானம் செக் போஸ்டுக்குப் போனேன். துணைக்கு மாப்பிள்ளையும் வந்தான், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. எங்கள் இடத்துக்குப் பக்கத்தில் ராணுவ முகாம் இருக்கிறது, இவர்களிடம் வயர்லெஸ் இருக்கிறது. எங்கள் ஆள் அங்கே தனியாக இருக்கிறார், சேதி சொல்ல வேண்டும் என்றேன். பனியில் தனியாக இருப்பவர்கள் நூறு பேர் என்று அந்த ஜவான் இந்தியில் சொன்னார். "ஏதும் அவசரமா? உடம்பு சரியில்லையா?"

மாப்பிள்ளை பக்கத்தில் நின்றான். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் ஆள் போயிருக்கும். அந்த வார்த்தையைச் சொன்னால் அவனுக்குத் தெரியும், அவன் அக்காவுக்குத் தெரியும்.

"இல்லை, சும்மாதான்" என்றேன்.

நவம்பர் 27, வியாழன்

காலையிலிருந்து அண்ணன் நம்பருக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். எல்லைக்கு வெளியே, எல்லைக்கு வெளியே. பதினொன்றரைக்கு லைன் பிஸி! பிஸி என்றால் ஆள் மேட்டு மேல் நின்று யாரிடமோ பேசுகிறார். எனக்கு உயிர் வந்தது. மறுபடி போடுவதற்குள் இறங்கிவிட்டார்.

நல்லாத்தான் இருக்கிறார். அவர் எங்கே என் பேச்சைக் கேட்டு இடம் மாறிப் படுக்கப் போகிறார், பிடிவாதக்காரர். மாப்பிள்ளைக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். செக் போஸ்டுக்கு மறுபடி போகவில்லை.

நவம்பர் 28

பனி.

நவம்பர் 30, ஞாயிறு

பத்தரையிலிருந்து போனைக் கையில் வைத்திருந்தேன். பதினொன்று. பதினொன்றரை. பன்னிரண்டுக்கு மணி அடித்தது. கோகிலவாணி.

"மாமா, அப்பா ஏனுங் இன்னிக்குக் கூப்புடல?"

"பனி கண்ணு. மேட்டுக்கு ஏற முடியாது."

"வியாழக்கிழமை பேசுனாருங். அவரா கூப்புட்டாரு, எனக்கே அதிசயமாப் போச்சு. தலை வலிக்குதுன்னாரு. மாத்தர போட்டுட்டு நல்லாப் போத்திப் படுங்கன்னு சொன்னனுங்."

நானும் அதையே சொன்னேன். நல்லாப் போர்த்திப் படுத்திருப்பார் என்றேன்.

டிசம்பர் 1

கணவாய் திறந்தது. பனி தள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே போனோம். மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டேன்.

வளைவில் திரும்பும்போதே டிரெய்லர் தெரிந்தது. பின் சுவர் ஜன்னல் வரைக்கும் பனி. நாய் படியில் படுத்திருந்தது. கதவைப் பிறாண்டிய தடம் இருந்தது. ஹீட்டர் டீசல் தீர்ந்து தானாக அணைந்திருந்தது.

பின் படுக்கையில் இருந்தார். முகம் நல்ல களையாக இருந்தது.

ஸ்டான்சின் முகாமுக்கு ஆள் கூப்பிட ஓடினார். அவர் வருவதற்குள் நான் குழாயைக் கழற்றிப் பழையபடி மாட்டிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் ரெண்டு இணைப்பில் பசை வெடித்திருந்தது. அண்ணன் கால் என் தோளில் பட்டுக்கொண்டே இருந்தது. பின் சுவர் ஓட்டையில் சாக்குத் துணி திணித்தேன்.

டிசம்பர் 2

முகாமிலிருந்து வந்தவர்கள் மலை நோய் என்று எழுதிக்கொண்டார்கள். வயது, உயரம், தனிமை. நான் கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 13, சனி

ஊரில் அண்ணனின் கருமாதி. பந்தியில் தண்ணீர் ஊற்றினேன். எல்லார் இலைக்கும் ரெண்டு முறை ஊற்றினேன்.

சாப்பிட்டு எழுந்த மயில்சாமி கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். "மாமா இல்லீனா நான் இல்லீங். குளுருதுன்னு ஒரு வார்த்தை சொல்லலீங் நானு. அவரா என்ற விரலைப் பார்த்துட்டு, ஹீட்டர் குழாயவே என்ற கட்டிலுக்கு அடியில சுத்தி உட்டாரு. லடாக்ல எவனுக்கும் அப்படி ஒரு கட்டில் கிடையாதுங்." தலைகள் ஆடின. தங்கமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இருபத்து மூன்று வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

கோகிலவாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா அதத்தானுங் மாமா சொன்னாரு. 'சென்னியப்பன் போட்ட கட்டில்ல படுத்திருக்கேன் சாமி, கதகதன்னு இருக்குது, நீ கவலப்படாத'ன்னாரு. எங்கப்பா அவ்வளவு நீளமா எங்கிட்டப் பேசுனதே இல்லீங்."

கையை விடவில்லை. "நோட்டு எங்கீங் மாமா? அவரப் பத்தி எழுதுனீங்களா?"

"எனக்கு எங்க கண்ணு எழுத வரும்" என்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் தங்கமணி வெந்நீர் அடுப்பு மூட்டினாள். நோட்டோடு அதற்கு முன்னால் உட்கார்ந்தேன். "என்னங் அது?" என்றாள். வண்டிக் கணக்கு என்றேன். கையெழுத்தையும் சேர்த்தால் அஞ்சாவது பொய். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுப்பில் போடவில்லை. இப்போது உன் வீட்டுத் தெரு முனையில், டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் கண்ணு. தாள் எதையும் கிழிக்கவில்லை. நவம்பர் பன்னிரண்டில் படம்கூடப் போட்டிருக்கிறேன், நான்கு இணைப்பும் இருக்கிறது. இருபத்தாறை மெதுவாகப் படி. இருபத்தேழு அன்று லைன் பிஸியாக இருந்தது உன்னோடுதான்.

முதல் தாளில் தப்புக்கு வட்டம் போடச் சொல்லி விளையாட்டாக எழுதியிருந்தேன். சிவப்புப் பேனா ஒன்று வாங்கி உள்ளே வைத்திருக்கிறேன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் வாசலிலேயே நிற்பேன்.

முட்டி போடச் சொன்னால், போடுகிறேன்.